பாப்பா ரூம் பிடித்தம்

செலினுக்கு ஒரு நாள் சந்தேகம் வரவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். திருமுல்லைவாயிலில் அவள் தெருக்காரர்கள் இதை அவள் காதுபடவே சொல்வார்கள். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான். செலின் பார்ப்பது தேதியை அல்ல, அந்தத் தேதிக்கு அடியில் வேறு தேதி அழிக்கப்பட்டிருக்கிறதா என்பதை. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் அந்தத் தெருவில் அவள் வீட்டுக்கு மட்டும் கேட்காமலே தராசையும் தூக்கிக்கொண்டு வருவார். மீன்காரம்மா செவுளைப் பிளந்து சிவப்பாகக் காட்டினாலும் இவள் மீனை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்க்காமல் விடமாட்டாள். "நீ துன்றதுக்கு வாங்குறியா, போலீஸ்ல குடுக்கறதுக்கு வாங்குறியா?" என்று அந்தம்மா ஒருமுறை கேட்டேவிட்டாள்.

கல்யாணக் கதை இன்னும் வேடிக்கை. மாப்பிள்ளை யூஜின் பூந்தமல்லி பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறான், நல்ல பையன் என்று சபையில் சொன்னார்கள். சபையில் சொன்னால் போதுமா? செலின் அந்த லாரிக்காரர்களின் நம்பரைத் தேடிப் பிடித்து, ஒரு லோடு தண்ணீர் வேண்டும், யூஜின் என்ற டிரைவரையே அனுப்புங்கள் என்று கேட்டாள். லாரி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன் யூஜின்தான். அதற்கப்புறம்தான் சரி என்றாள். அத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தெருவே குடம் குடமாகப் பிடித்துக்கொண்டது. யூஜின் இதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடவே சிரிப்பாள், ஆனால் செய்தது அதிகம் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார்களுக்குள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. நீளப் பலகையில் வயர்களைப் பரப்பி, சேர்த்து, டேப் சுற்றி அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். லைன் முழுக்கப் பெண்கள்தான். செலின் தனக்கு முந்தின ஆள் சுற்றியதை நம்பாமல் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தன் பங்கைச் சுற்றுவாள். அதனால் அவள் லைனிலிருந்து போன சரக்கு திரும்பி வருவது அபூர்வம். சும்மா சொல்லக் கூடாது, அந்த இடத்தில் அவள் சந்தேகத்துக்கு நல்ல மதிப்பு இருந்தது.

குழந்தை ஜெனி பிறந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. மாமியார் வேப்பம்பட்டில் இருந்தார். ஜெனியை அங்கே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் செலின் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை மாமியாரை அம்மா என்றும் இவளை 'செலின்' என்றும் கூப்பிட்டது. அன்றைக்கு ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். அதற்கப்புறம் மாமியாருக்கும் முழங்கால் விட்டுப்போனது, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று செலின் முடிவுக்கு வந்த சமயத்தில் கம்பெனியில் பாப்பா ரூம் திறந்தார்கள்.

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு பெரிய அறை. வெளியே 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு இருந்தாலும் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது பாப்பா ரூம். காலையில் ஜெனியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து, பாப்பா ரூமில் விட்டுவிட்டு லைனுக்குப் போவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் ஒரு வாய் ஊட்டிவிட்டு வருவாள். அந்த ரூம் இருந்தால் அவளுக்கு வேலையும் உண்டு, குழந்தையும் உண்டு. ரூம் இல்லையென்றால் இரண்டில் ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பாப்பா ரூமைப் பார்த்துக்கொண்ட ஆயா கன்னியம்மா, நூம்பல்காரி. ஐம்பதைத் தாண்டியவள், கனத்த உடம்பு, ஆனால் அழுகிற பிள்ளை எந்த மூலையில் இருந்தாலும் முதலில் போய்ச் சேருகிறவள் அவள்தான். காலையில் செலினைப் பார்த்ததும், "வா கண்ணு, குடு என் ராசாத்திய" என்று ஜெனியைக் கை நீட்டி வாங்கிக்கொள்வாள். ஜெனியும் தாவிவிடும். செலினுக்கு அதில் கூட முதலில் சந்தேகம்தான். பெற்றவளை விட்டுவிட்டு இத்தனை சுலபமாக ஒரு குழந்தை தாவுமா, சர்க்கரை எதையாவது வாயில் வைக்கிறாளா என்று கொஞ்ச நாள் ஜெனியின் வாயை மோந்து பார்த்தாள். பால் வாசனைதான் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எச்.ஆர். ராகவன் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு வந்தார். ராகவன் சார் குரலை உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை. பேசும்போது பேனா மூடியைத் திறப்பார், மூடுவார், அவ்வளவுதான். பிள்ளைகளை விட்டிருக்கிற அம்மாக்களை மட்டும் ஒரு பக்கமாக உட்கார வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து பாப்பா ரூம் செலவில் ஒரு பகுதியை அம்மாக்களின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம், சம்மதம் என்று ஆளுக்கொரு கையெழுத்து போட்டுவிடுங்கள், இதெல்லாம் எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான் என்றார்.

முதலில் ஜோதிகா போட்டாள். அவளும் அவள் புருஷன் செல்வகுமாரும் இதே கம்பெனிதான், அவன் ஸ்டோரில் இருந்தான். அவர்கள் பையன் கிரண் பாப்பா ரூமில். ஜோதிகா பேனாவைக் கீழே வைப்பதற்குள் செலின் வாயைத் திறந்துவிட்டாள்.

"சார், புள்ள ரெண்டு பேருக்கும்தான் பொறந்துச்சு. செல்வகுமார் அண்ணன் சம்பளத்துல பாதி புடிக்கலாமே, ஏன் ஜோதிகா சம்பளத்துல மட்டும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ராகவனும் சிரித்தார். "காப்பகம் லேடீஸுக்குக் குடுத்திருக்கிற வசதிம்மா."

"வசதின்னு குடுத்துட்டு எதுக்கு சார் புடிக்கிறீங்க?"

"ஒரு பகுதிதானேம்மா. உங்க நல்லதுக்குத்தான்."

"கையெழுத்து போடலன்னா இன்னா ஆவும்?"

ராகவன் பேனாவை மூடினார். "ஒன்னும் ஆகாது. பாத்துக்கலாம்."

அந்தப் 'பாத்துக்கலாம்' செலினின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றும் ஆகாது என்றால் அதோடு நிறுத்த வேண்டியதுதானே, எதைப் பார்த்துக்கொள்வார் இவர்? நம்மைக் கேட்காமலே பிடிக்க முடியுமென்றால் இந்நேரம் பிடித்திருக்க மாட்டார்களா, கையெழுத்துக்காகக் கேன்டீன் வரை எதற்கு நடந்து வர வேண்டும்? படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளோடு ரயிலில் வருகிற ரெனிதாவும், ஆவடி பர்வீனும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களும் போடவில்லை. ரெனிதா செலினின் சபைக்காரி, யோவான் என்று ஒரு பையன். பர்வீனுக்கு சமீரா என்று பெண். மற்ற எல்லோரும் போட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் செலினுக்கு ஆகாது. சாயந்தரம் ரயிலில் உட்கார்ந்ததும் ஜெனியைப் பரிசோதிக்க ஆரம்பித்தாள். கண் கலங்கியிருக்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, முதுகில் கிள்ளிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பாள். "முட்ட துன்னியா?" என்று கேட்டால் "முட்ட" என்று குழந்தை சொல்லும். "துன்னலியா?" என்று கேட்டாலும் "முட்ட" என்றுதான் சொல்லும். அதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது?

அப்படி ஒருநாள் வீட்டில் குளிப்பாட்டும்போது ஜெனியின் இடது உள்ளங்காலை முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, மிளகு அளவுக்கு, வட்டமாக.

"டேப் கறையா இருக்கும்டி" என்றான் யூஜின். "உன் கையில இல்லாத கறையா?"

"கறை இவ்ளோ வட்டமா இருக்குமா?"

"வட்டமா இருந்தா இன்னா, சதுரமா இருந்தா இன்னா? தேச்சுக் கழுவு, பூடும்."

தேய்த்துக் கழுவினாள், போய்விட்டது. மறுநாள் சாயந்தரம் பார்த்தால் அதே காலில் அதே இடத்தில் அதே பொட்டு. அதற்கு மறுநாள் ரயிலில் ரெனிதாவின் மடியில் இருந்த யோவானின் சாக்ஸைக் கழற்றினாள். அங்கேயும் பொட்டு. பர்வீன் எதுவும் கேட்காமல் தன் பெண்ணின் செருப்பை அவளே கழற்றிப் பார்த்தாள். அங்கேயும் பொட்டு.

"கையெழுத்து போடாதது நம்ம மூணு பேருதான்" என்றாள் செலின்.

"மத்த புள்ளைங்களுக்கு இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று ரெனிதா கேட்டாள்.

நியாயமான கேள்வி. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு செலின் பாப்பா ரூமுக்குள் நுழைந்தாள். பிள்ளைகள் வரிசையாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜோதிகாவின் பையன் கிரண் கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டோடு மல்லாந்து கிடந்தான். அவன் இரண்டு காலையும் தூக்கிப் பார்த்தாள். சுத்தம். அவன் பக்கத்தில் கிடந்த பிள்ளைகளின் கால்களையும் பார்த்தாள். எல்லாம் சுத்தம். கன்னத்துப் பொட்டுகளை அவள் பார்க்காமல் இல்லை. அதெல்லாம் அவரவர் வீட்டில் வைத்து அனுப்புவது என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் வைப்பார்கள். செலின் வீட்டில் நெற்றிக்கும் கிடையாது, கன்னத்துக்கும் கிடையாது, அவள் பெந்தெகொஸ்தே சபையில் பிறந்து வளர்ந்தவள். காலுக்கு அடியில் பொட்டு வைக்கிற வழக்கம் ஒன்று உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"இன்னா கண்ணு, கால புடிச்சிப் பாக்குற?" என்று பின்னாலிருந்து கன்னியம்மாவின் குரல் கேட்டது. "எறும்பு கிறும்பு கடிச்சிதா?"

"ஒன்னும் இல்லக்கா. சும்மாதான்."

அந்த இடத்தில் கேட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை அவளுக்கு. லாரிக்காரனிடம் போன் போட்டு மாப்பிள்ளையை விசாரிக்கத் தெரிந்தவளுக்கு, எதிரில் நிற்கிற மனுஷியை ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. சாயந்தரம் ரெனிதாவும் அதைத்தான் சொன்னாள், ஆயாவையே கேட்டுவிடலாமே என்று.

"கேட்டா சொல்லுமா? ஆமாம்மா, சார்தான் அடையாளம் வெக்கச் சொன்னாருன்னு சொல்லுமா? உஷாராயிடும், அவ்ளோதான்."

"அடையாளம் வெச்சு இன்னா பண்ணுவாங்க?"

"யாருக்குப் பால்ல தண்ணி கலக்கணும், யாருக்கு முட்ட கிடையாதுன்னு ஆயாக்குத் தெரியணும்ல? நாளைக்கு எந்தப் புள்ளைய மொதல்ல வெளிய அனுப்பணும்னு தெரியணும்ல? மாட்டுக்குச் சூடு போடற மாதிரி போட்டு வெச்சிருக்காங்க. இதான் அந்தாளு சொன்ன பாத்துக்கலாம்."

ரெனிதா யோவானின் காலை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ராகவனின் முகத்தைப் பார்த்துக் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று செலின் நினைத்தாள். பொய் சொல்கிறவன் முகம் எப்படி மாறும் என்று தனக்குத் தெரியும் என்பது அவள் எண்ணம். மறுநாள் போய் அவர் ரூமில் நின்றாள். பொட்டு விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. செலின் குழம்பிப்போனாள். சார் சொல்லாமல் ஆயா தானாகவே இதைச் செய்கிறாளா? அப்படியென்றால் எதற்கு?

"உட்காருங்கம்மா" என்றார் ராகவன். டீ வரவழைத்தார். "குழந்தைங்க விஷயம். இதச் சும்மா விடக் கூடாது. நீங்க உங்க கையால எழுதிக் குடுங்க, நான் நடவடிக்கை எடுக்கறேன்."

வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருஷத்தில் அந்த ரூமில் அவளுக்கு ஒருவரும் நாற்காலி காட்டியதில்லை, டீ கொடுத்ததில்லை. ஊர்ச் சந்தேகத்தையெல்லாம் குத்தகைக்கு எடுத்தவளுக்கு சந்தேகம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. ஒருவர் தன்னை நம்புகிறார் என்ற சந்தோஷத்தில் பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்து போடாதவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுத ஆரம்பித்தபோது, "பிடித்தம் பத்தியெல்லாம் வேணாம்மா, ஆயா செஞ்சத மட்டும் எழுதுங்க, போதும்" என்றார். சரி என்று அதை அடித்துவிட்டு, ஆயா என் குழந்தையின் உடம்பில் அடையாளம் வைக்கிறார், பயமாக இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். ராகவன் இரண்டு தரம் படித்துவிட்டு டிராயரில் வைத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பாப்பா ரூமுக்குப் பூட்டு.

கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ரெனிதா சத்தமாகப் படித்தாள். குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி ஒரு தாயார் புகார் கொடுத்திருப்பதால் விசாரணை முடியும் வரை காப்பகம் மூடப்படுகிறது, ஆயா நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார், இனி வெளி ஏஜென்சி ஒன்று காப்பகத்தை நடத்தும், அவர்கள் சொல்லும் கட்டணம் முழுவதும் சம்பளத்தில் பிடிக்கப்படும். இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக அம்மாக்கள் நின்றார்கள். பிள்ளைகள் கதவைத் தட்டி "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"யாரு எழுதிக் குடுத்தது?" என்றாள் ஜோதிகா.

செலினுக்கு ஒரு நல்ல குணம், செய்ததை மறைக்கமாட்டாள். "நான்தான்" என்றாள். பொட்டு விஷயத்தையும், யார் யார் காலில் பார்த்தேன் என்பதையும் சொன்னாள்.

ஜோதிகா கிரணின் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "என் புள்ளைக்கும்தான் பொட்டு வெக்குது. கன்னத்துல."

"அது நீ ஊட்லேருந்து வெச்சி அனுப்புறது."

"நானா? தல வாரக்கூட நேரமில்லாம வண்டியப் புடிக்க ஓடியாறேன், நான் எங்க பொட்டு வெக்கறது? ஆயாதான் வெக்கும். புள்ளைங்க வந்த உடனே மூஞ்சி கழுவி உட்டு எல்லாத்துக்கும் வெக்கும். திருஷ்டிக்கு. உங்க புள்ளைங்களுக்குக் கன்னத்துல வெச்சா நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு கால்ல வெச்சிருக்கும். இதக் கூடவா கேக்கத் தெரியல உனக்கு?"

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். யாரும் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலாம் போல இருந்தது செலினுக்கு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் போனார்கள். சூப்பர்வைசர் செலினைக் கூப்பிட்டு, குழந்தையில்லாமல் வருவதென்றால் வா, இல்லாவிட்டால் எத்தனை நாளைக்கு என்று சொல்லிவிடு, வேறு ஆள் போட வேண்டும் என்றார்.

அன்றைக்கு மத்தியானமே யூஜின் பைக்கில் அவளையும் ஜெனியையும் நூம்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வேலப்பஞ்சாவடியில் திரும்பும்போது, "ஏன்டி, என்னையாச்சும் ஒரு லோடு தண்ணி சொல்லி வெசாரிச்ச. அந்தம்மாவ ஒரு வார்த்த கேக்கலியே நீ" என்றான். தெருமுனையில் இறக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டான்.

கன்னியம்மாவின் வீடு புது அபார்ட்மென்ட் ஒன்றின் மதிலோடு ஒட்டி இருந்தது. ஜெனி "ஆயா" என்று கத்திக்கொண்டு ஓடியது. கன்னியம்மா குழந்தையை வாரி எடுத்து, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள்.

"உக்காரு கண்ணு. டீ போடட்டா?"

"வேணாங்க்கா. அந்தப் பொட்டு..."

"சொன்னாரு அந்த சாரு. கொயந்தைங்களுக்கு அடையாளம் வெச்சியான்னு கேட்டாரு. நான் இன்னா ஆடா மேய்க்கிறேன், அடையாளம் வெக்க?" கன்னியம்மா கோபமாகப் பேசவில்லை, களைப்பாகத்தான் பேசினாள். "லைன் பொம்பளைங்க அத்தினி பேரும் வந்து வந்து கொஞ்சிட்டுப் போறாங்க. எல்லாக் கண்ணும் ஒரே மாதிரியா இருக்கும்? உங்க ஊட்டுல பொட்டு வெக்கமாட்டீங்க, பாய் ஊட்டுலயும் வெக்கமாட்டாங்க. அதுக்காவ மத்ததுங்களுக்கு மட்டும் வெச்சிட்டு உன் புள்ளைய சும்மா உட எனக்கு மனசு வருமா? கன்னத்துல வெச்சா சாயந்தரம் பாத்துட்டு நீ மனசு கஷ்டப்படுவ. அதான் கால்ல வெச்சேன்."

செலின் அழுதுவிட்டாள். தப்பு பண்ணிட்டேன் அக்கா, எப்படியாவது உங்களைத் திரும்பக் கூப்பிட வைக்கிறேன் என்றாள். கன்னியம்மா அவள் முதுகைத் தட்டி, உடு கண்ணு, உடு என்றாள். மனசு லேசாகிவிட்டது போல இருந்தது செலினுக்கு. அந்த நேரத்தில் ஜெனி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் மடியில் வைத்தது. கன்னியம்மா வீட்டிலேயே விளக்கெண்ணெய் ஊற்றித் திரி எரித்து எடுத்த மை. செலின் மூடியைத் திறந்தாள். திறந்த கை அவளைக் கேட்காமலே டப்பாவை மூக்குக்குக் கொண்டுபோனது. மீனை மோந்து பார்க்கிற மாதிரி மோந்து பார்த்தாள்.

தலையை நிமிர்த்தியபோது கன்னியம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா... பழக்க தோஷம் அக்கா" என்றாள் செலின்.

"பரவால்லம்மா. பெத்தவங்க பாக்கணும்தானே. பாருங்க."

டப்பாவை வாங்கி மூடி அலமாரியில் மேல்தட்டில் வைத்தாள். பைக்கில் திரும்பிப் போகும்போதுதான் கன்னியம்மா கடைசியாகத் தன்னைக் கண்ணு என்று சொல்லவில்லை என்பது செலினுக்கு உறைத்தது.

மறுநாள் ஜெனியை யூஜினிடம் விட்டுவிட்டு ராகவனின் ரூமுக்குப் போனாள். இந்த முறை நாற்காலி இல்லை. தப்பாக எழுதிவிட்டேன், அந்தப் புகாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கன்னியம்மாவையே கூப்பிடுங்கள் என்று கேட்டாள்.

"எழுதினது எழுதினதுதானேம்மா" என்றார் ராகவன். பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "ஒரு வழி இருக்கு. பேரண்ட்ஸ் ஒத்துழைக்கறாங்கன்னு நான் மேலே காட்டணும். காட்டினா ஏஜென்சி வேணாம், பழைய ஆயாவையே வெச்சுத் திறந்துடலாம்."

அந்தச் சம்மதத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ரெனிதாவும் பர்வீனும் போடமாட்டாங்க. நான் அவங்களக் கேக்கவும் மாட்டேன்."

"நீங்க போட்டா போதும்மா. மத்தது பாத்துக்கலாம்."

அவர் எதற்குப் பூட்டினார், எதற்கு இப்போது திறக்கிறேன் என்கிறார் என்பதெல்லாம் செலினுக்கு விளங்காமல் இல்லை. லைனில் பாதிப் பெண்கள் இல்லை, சரக்கு வண்டி காலியாக நிற்கிறது, பொறுத்திருந்தால் இவராகவே திறந்துவிடுவார் என்று அவள் சந்தேகம் அவளுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் இவர் திறக்கும் வரைக்கும் அந்த அம்மா ஒரு பழியோடு நூம்பலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பால் பாக்கெட்டைக் கூடத் திருப்பித் திருப்பிப் படிக்கிற செலின் அந்தத் தாளில் ஒரு வரியைக் கூடப் படிக்காமல் கையெழுத்தைப் போட்டாள். ராகவனே ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார்.

பாப்பா ரூம் திறந்தது. கன்னியம்மா வந்தாள். மாதக் கடைசியில் செலினின் சம்பளத்தில் பிடித்தம் விழுந்தது. ரெனிதாவுக்கும் பர்வீனுக்கும் விழவில்லை, அவர்கள் இன்றுவரை கையெழுத்து போடவில்லை, அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. "அவசரப்பட்டுட்ட நீ" என்றாள் ரெனிதா. செலின் மறுக்கவில்லை.

கன்னியம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. ஜெனிக்கு முட்டை உண்டு, பால் உண்டு, முகம் கழுவித் தலை வாரி விடுவது உண்டு. காலையில் செலினைப் பார்த்தால், "வாங்கம்மா, குடுங்க பாப்பாவ" என்று சிரித்துக்கொண்டே கை நீட்டி வாங்கிக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ரூம் மறுபடி திறந்த முதல் நாள் சாயந்தரம் ரயிலில் ரெனிதா யோவானின் சாக்ஸைக் கழற்றி, "பாரு, மறுபடி வெச்சிருச்சு" என்று சிரித்தாள். இடது உள்ளங்காலில் மிளகு அளவுக்குப் பொட்டு. சமீராவுக்கும் இருந்தது. செலின் ஜெனியின் செருப்பைக் கழற்றினாள். இடது காலைப் பார்த்தாள், வலது காலையும் பார்த்தாள். இரண்டும் சுத்தமாக இருந்தன.

"கையெழுத்து போட்டவ புள்ளைக்கு அடையாளம் இல்ல போல" என்று பர்வீன் விளையாட்டாகச் சொல்லிவிட்டு, செலினின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினாள்.

"நீயே ஒரு மை வாங்கி வெச்சி உடேன்" என்று யூஜின் சொல்லிப் பார்த்தான். அவள் வாங்கவில்லை. கன்னியம்மாவிடம் கேட்கவும் இல்லை, எந்த வாயால் கேட்பது? ஆனால் தினமும் திருமுல்லைவாயில் வருவதற்குள் ஜெனியின் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை.